விடியற்காலைக் கனவு

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வழங்கிவரும் நம்பிக்கை. முன்னிரவில் யானை துரத்தினால் அது அஜீர்ணம். அதே யானை நாலரை மணிக்குத் துரத்தினால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் கடன்பட்டுவிட்டோம் என்று பொருள். பல் விழுந்ததாகக் கண்டால் உற்றாருக்கு ஆகாது. பாம்பு கடித்ததாகக் கண்டால் பீடை தொலைந்தது. சாவு கண்டால் கல்யாணம். கல்யாணம் கண்டாலோ வாயைத் திறவாமல் இருப்பதே உத்தமம். இந்தச் சாஸ்திரத்தில் நம் பாட்டிமார் அனைவரும் கரை கண்டவர்கள்.

இவ்வளவோடு நின்றால் பாதகமில்லை. ஒரு கனவுக்காக நிச்சயமான கல்யாணத்தை நிறுத்தியவர்களும், பிரயாணத்தைக் கைவிட்டவர்களும், சாந்தி பரிகாரம் என்று கையிருப்பைத் தொலைத்தவர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே, விடியற்காலைக் கனவைப் பற்றி விஞ்ஞானம் யாது கூறுகிறது என்பதை இவ்வாரம் சிறிது விசாரிக்கலாம் என்று எண்ணுகிறோம்.

நம் முன்னோர் கனவை அற்பமாகக் கருதியவர்கள் அல்லர். நனவு, கனவு, கனவற்ற ஆழ்ந்த நித்திரை என்ற மூன்று நிலைகளையும் மாண்டூக்கிய உபநிஷதம் வேறு வேறாகப் பிரித்துப் பேசுகிறது. கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்வதற்கென்றே சிலப்பதிகாரத்தில் ஒரு காதை அமைந்திருக்கிறது. கனவு கண்ட யாமத்திற்குத் தக்கபடி பலன் விரைந்தோ தாமதித்தோ வரும் என்று பழைய கனா நூலார் வகுத்தனர். விடியற்காலைக்கு ஏதோ ஒரு தனிச் சிறப்பு இருக்கிறதென்று அவர்கள் கண்டது முற்றிலும் சரியே. அந்தச் சிறப்பு எத்தகையது என்பதில்தான் இன்றைய ஆராய்ச்சியாளர் வேறு விடை கூறுகின்றனர்.

கனவு ஆராய்ச்சியில் உள்ள பெரிய சங்கடம் இது: வழக்கு ஒன்று, சாட்சியும் ஒருவரே, அந்தச் சாட்சியும் சம்பவம் நடந்தபோது தூங்கிக்கொண்டிருந்தவர். விழித்தெழுந்து அவர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்தது. இதனால் நேர்ந்த குழப்பத்திற்குப் பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் மோரி நல்லதோர் உதாரணம். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் தம்மைக் கைது செய்து, விசாரணை நடத்தி, வண்டியில் ஏற்றிக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோய்க் கழுத்தில் கத்தியை இறக்கியதாக அவர் கனவு கண்டார். திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால், கட்டிலின் தலைமாட்டுச் சட்டம் கழற்றிக்கொண்டு அவர் கழுத்தில் விழுந்து கிடந்தது! சட்டம் விழுந்த அந்தக் கணத்திலேயே இவ்வளவு நீண்ட கனவும் நடந்தேறிவிட்டது என்று அவர் 1861-ம் வருஷத்து நூலில் எழுதினார். கனவு என்பது கண்ணிமைப் பொழுதில் முடிவது என்று வெகு காலம் பலர் நம்பியதற்கு இந்தக் கட்டில் சட்டமும் ஒரு காரணம்.

தூங்குகிறவரை எழுப்பாமலே அவர் மூளையின் போக்கைக் கவனிக்க முதலில் வழி காட்டியவர் ஜெர்மனியில் யேனா நகரத்து வைத்தியரான ஹான்ஸ் பெர்கர். மூளையில் ஓயாமல் நிகழும் மெல்லிய மின்சார அலைகளை, மண்டையின் மேல் பொருத்திய தகடுகளைக் கொண்டே பதிவு செய்யலாம் என்று அவர் 1929-ல் உலகுக்கு அறிவித்தார். விழிப்பில் இந்த அலைகள் சிறியனவாகவும் வேகமாகவும் ஓடும். தூக்கம் ஆழ ஆழ அவை பெரியனவாகவும் மந்தமாகவும் ஆகிவிடும்.

அமெரிக்காவில் சிகாகோ சர்வகலாசாலையில் நதானியேல் கிளைட்மன் என்றொரு பேராசிரியர் இருந்தார். தூக்கத்தைப் பற்றி அறிவதற்காகவே வாழ்ந்தவர் என்று அவரைச் சொல்லலாம். 1938-ல் கென்டக்கி மாகாணத்திலுள்ள மம்மத் குகைக்குள் ஒரு மாணவருடன் புகுந்து, சூரியனையே பாராமல் 32 நாட்கள் தங்கினார். நாளொன்றுக்கு 28 மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு வாழ உடம்பு இசையுமா என்று சோதித்தார். மாணவர் உடம்பு இசைந்தது. பேராசிரியர் உடம்பு இசையவில்லை. அத்தகைய ஆசிரியரிடம் யூஜின் அஸெரின்ஸ்கி என்ற மாணவர் வந்து சேர்ந்தார்.

1951-ம் வருஷக் கடைசியில், பழைய பதிவு யந்திரம் ஒன்றைச் சீர்ப்படுத்தி, அஸெரின்ஸ்கி தம்முடைய எட்டு வயதுப் புதல்வனைத் தூங்க வைத்து, கண்களின் ஓரத்தில் தகடுகளைப் பொருத்தி இரவு முழுவதும் காத்திருந்தார். ஒரு சமயத்தில் யந்திரத்தின் பேனாக்கள் காகிதத்தில் மேலும் கீழுமாகத் துள்ளலாயின. பையன் விழித்துக்கொண்டான் போலும் என்று போய்ப் பார்த்தார். பையன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூடிய இமைகளுக்குள்ளே விழிகள் மட்டும் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தன. யந்திரக் கோளாறோ என்று பலமுறை சோதித்தார். கோளாறு ஒன்றும் இல்லை.

பிறகு பெரியவர்களையும் தூங்க வைத்துப் பார்த்தார்கள். விழிகள் ஓடுகிற சமயத்தில் எழுப்பி, ‘என்ன கண்டீர்?’ என்று கேட்டார்கள். அப்படிக் கேட்ட 27 தடவைகளில் 20 தடவை தெளிவான கனவு வெளிவந்தது. விழிகள் அசையாத சமயத்தில் 23 தடவை எழுப்பிக் கேட்டதில், 19 தடவை ஒன்றுமே நினைவில்லை என்ற பதிலே கிடைத்தது. ஆசிரியரும் மாணவரும் இதை 1953-ல் வெளியிட்டனர். கனவுக்குத் தூங்குகிறவரைத் தவிர வேறு சாட்சி முதல் தடவையாக அகப்பட்டது. இந்த நிலைக்கு விழியோட்டத் தூக்கம் என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சியாளர் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் ‘ரெம்’ என்பார்கள்.

கிளைட்மனின் மற்றொரு மாணவரான வில்லியம் டிமென்ட், விழியோட்டம் தொடங்கி 5 நிமிஷத்தில் சிலரையும் 15 நிமிஷத்தில் சிலரையும் எழுப்பி, எவ்வளவு நேரம் கனவு கண்டீர் என்று கேட்டார். பெரும்பாலும் சரியான விடையே வந்தது. கனவு கண்ணிமைப் பொழுதில் முடிவதன்று, ஏறக்குறைய நனவின் வேகத்திலேயே நடப்பது என்று 1957-ல் தெரிந்தது. மோரியின் கட்டில் சட்டம் அன்றோடு தோற்றது.

இனி விடியற்காலைக்கு வருவோம். இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் மெல்லிய தூக்கத்திலும், பின் ஆழ்ந்த தூக்கத்திலும் இறங்குகிறார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழிந்த பின்னரே முதல் விழியோட்டம் தோன்றும். அதுவும் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். மறுபடியும் ஆழம்; மறுபடியும் விழியோட்டம். இவ்வாறு ஓர் இரவில் நான்கைந்து சுற்றுக்கள் நடைபெறும். ஆனால் சுற்றுக்கள் ஒன்றுபோல் இரா. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவிலேயே தீர்ந்துவிடுகிறது. விழியோட்டமோ சுற்றுக்குச் சுற்று நீண்டு, விடியுமுன் வரும் கடைசிச் சுற்றில் அரைமணி நேரமும் அதற்கு மேலும் நிலைக்கிறது. மொத்தத் தூக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இப்படிக் கழிகிறது. அதில் பெரும்பகுதி விடியற்காலைக்கு உரியது.

இன்னொன்றும் உண்டு. விழிப்பில் நினைவைப் பதிய வைக்க உதவும் ரசாயனப் பொருள்களில் நாரட்ரினலின் என்பது ஒன்று. விழியோட்டத் தூக்கத்தில் மூளைக்கு அது வருவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கண்ட கனவெல்லாம் தண்ணீரில் எழுதிய எழுத்துப்போல் மறைந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. எந்தக் கனவின் நடுவில் விழிப்புக் கொடுக்கிறதோ அது மாத்திரம் தங்குகிறது. காகம் கரைந்தோ, பால்காரர் மணியடித்தோ, வாசலில் தண்ணீர் தெளிக்கும் ஓசை கேட்டோ நமக்கு விழிப்பு வருவது எப்போது? விடியற்காலையில்தான். ஆகவே கனவு மிகுதியாக வருவதும் அப்போது. அது நினைவில் நிற்பதும் அப்போது. கனா நூலார் கண்ட சிறப்பு இதுவே.

பலிக்கிறது என்பதற்கும் சமாதானம் எளிதில் கிடைக்கிறது. நாம் ஒவ்வொருவரும் வருஷத்திற்குச் சுமார் 1,500 தடவை விழியோட்டத் தூக்கத்தில் புகுந்து வருகிறோம். கனவில் வருகிறவை பெரும்பாலும் நம்முடைய அன்றாடக் கவலைகளே: நோயுற்ற தாயார், தூர தேசத்தில் இருக்கும் புதல்வன், தவணை தப்பிய கடன். எதைப்பற்றிப் பயப்படுகிறோமோ அதையே கனவு காண்கிறோம். பயப்பட நியாயமுள்ள காரியங்களில் சில நடந்தும் விடுகின்றன. நடந்த ஒன்றை ஊரெல்லாம் சொல்கிறோம். நடவாத ஆயிரத்தைக் காப்பி குடிப்பதற்குள் மறந்துவிடுகிறோம். கனவின் கீர்த்தி இந்த மறதியினால் வளர்ந்தது.

கனவில் ஓடுகிறோம், சண்டையிடுகிறோம், மலையிலிருந்து குதிக்கிறோம். ஆயினும் உடம்பு பாயிலேயே கிடக்கிறது. இதன் காரணத்தைக் கண்டவர் பிரான்ஸில் லியோன் நகரத்து ஆராய்ச்சியாளர் மிஷேல் ஜூவே. விழியோட்டச் சமயத்தில் பூனையின் மூளை விழித்திருப்பதுபோல் சுறுசுறுப்பாக இருக்க, உடம்புத் தசைகள் அடியோடு தளர்ந்துவிடுவதை அவர் 1959-ல் வெளியிட்டார். மூளையின் அடித்தண்டிலிருந்து பிறக்கும் ஒரு கட்டளை கைகால்களைக் கட்டிப்போடுகிறது. அந்த இடத்தைச் சேதப்படுத்திய பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத எலியின்மேல் பாய்ந்தன.

சில சமயம் அறிவு முதலில் விழித்துக்கொண்டு, உடம்பின் கட்டு அவிழச் சிறிது தாமதமாவதுண்டு. அப்போது கண் திறந்திருக்கும், விரலை அசைக்க முடியாது. மார்பின்மேல் ஏதோ உட்கார்ந்திருப்பது போலவும், அறையில் யாரோ நிற்பது போலவும் தோன்றும். அமுக்குவான் பேய் என்று நம் கிராமங்களில் சொல்வது இதையே. ஓரிரு நிமிஷங்களில் தானே விலகிவிடும். தூக்கம் குறைந்தவர்களுக்கும், வேளை தவறித் தூங்குகிறவர்களுக்கும் இது அதிகமாக வரும். இதற்கு மந்திரிக்க வேண்டியதில்லை. வேளையோடு தூங்கினால் போதும்.

இதற்கு நேர்மாறான ஒரு நோயும் உண்டு. அதை அலட்சியம் செய்தல் கூடாது. தசைகளைக் கட்டும் கட்டளை கெட்டுப்போனால், மனிதரும் ஜூவேயின் பூனைகளைப்போல் கனவை நடித்துக் காட்டத் தொடங்குகிறார்கள். தூக்கத்தில் கத்துவார்கள், உதைப்பார்கள், பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பார்கள். கட்டிலிலிருந்து விழுந்து காயப்படுவார்கள். அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்து வைத்தியர்களான ஷெங்க், மாஹோவால்ட் என்பவர்கள் 1986-ல் இந்நோயை விவரித்தனர். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடமே இது அதிகமாகக் கண்டறியப்படுகிறது. வேறு காரணம் இன்றி இது வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சில வருஷங்களுக்குப் பின் பார்க்கின்ஸன் நடுக்கமோ அதைச் சார்ந்த மறதி நோயோ தோன்றுகிறதென்று பிற்பாடு தெரியவந்தது. ‘அப்பாவுக்குத் தூக்கத்தில் சாமி வருகிறது’ என்று சிரித்துக்கொண்டிருக்கும் வீட்டார், தயவுசெய்து நரம்பு வைத்தியர் ஒருவரிடம் அவரை அழைத்துச் செல்ல வேண்டும்.

கனவு எப்படி வருகிறது என்பதில் பிற்பாடு ஒரு திருத்தம் ஏற்பட்டது. விழியோட்டம் வேறு, கனவு வேறு. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்து வருகின்றன, அவ்வளவே. மற்றத் தூக்கத்திலும் மங்கலான கனவுகள் உண்டு. மூளையின் முன்புறத்தில் சில பகுதிகள் சேதமுற்றவர்களுக்கு விழியோட்டம் வழக்கம்போல் நிகழ்ந்தும், கனவு மட்டும் நின்றுவிடுகிறது என்று மார்க் ஸோம்ஸ் 1997-ல் எடுத்துக் காட்டினார். எந்த வகைத் தூக்கமானாலும், மூளையின் பின்புறத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதி விழித்தது போல் இயங்கினால் கனவு தோன்றுகிறதென்று 2017-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. கனவுலகில் செத்தவர் பேசுவதும், நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சமுத்திரம் அடிப்பதும் நமக்கு விந்தையாகப் படாததற்கும் காரணம் உண்டு. அப்போது பயம், ஆசை முதலிய உணர்ச்சிகளுக்குரிய பகுதிகள் மும்முரமாக வேலை செய்கின்றன, ‘இது நடக்கக்கூடியதா?’ என்று குறுக்கு விசாரணை செய்யும் முன்மூளைப் பகுதியோ ஓய்வில் இருக்கிறது. நீதிபதி தூங்க, நாடகக் கொட்டகை நடக்கிறது.

பிறவியிலேயே கண் தெரியாதவர்களும் கனவு காண்கிறார்கள். ஆனால் அவர்கள் கனவில் காட்சியில்லை. குரல் உண்டு, வாசனை உண்டு, தொடுவுணர்வு உண்டு. நனவில் சேர்த்த சரக்கைக் கொண்டுதான் கனவு வியாபாரம் செய்கிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆனால் எதற்காகக் கனவு? இங்கே அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அடக்கி வைத்த ஆசைகள் வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றன என்றார் வியன்னா நகரத்து சிக்மண்ட் ஃபிராய்டு. 1900-ம் வருஷம் குறித்து வெளிவந்த அவருடைய நூல் பெரும் புகழ் பெற்றது. அடித்தண்டிலிருந்து தாறுமாறாக வரும் தூண்டுதல்களுக்கு மேல்மூளை கட்டும் கதையே கனவு என்று ஹார்வர்டைச் சேர்ந்த ஹாப்ஸனும் மக்கார்லியும் 1977-ல் வாதித்தார்கள். வேண்டாத நினைவுகளைக் கழிக்கவே கனவு என்று 1983-ல் ஃபிரான்ஸிஸ் கிரிக்கும் கிரேம் மிட்சிஸனும் எழுதினார்கள்.

இன்று பலர் மதிக்கும் கருத்து, கனவுக்கும் கற்றலுக்கும் சம்பந்தம் உண்டு என்பது. டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் விளையாட்டைப் பலமுறை ஆட வைத்தபோது, தூக்கம் கவியும் வேளையில் ஆடியவர்களின் மனக்கண்ணில் கட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன என்று ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் 2000-ல் வெளியிட்டனர். வியப்பு என்னவென்றால், மூளைச் சேதத்தால் புது நினைவே தங்காத சிலருக்கும் அந்தக் கட்டைகள் தோன்றின. விளையாடியதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. மூளை மட்டும் பாடம் படித்துக்கொண்டிருந்தது! 2010-ல் நடந்த வேறொரு பரிசோதனையில், சுற்றுவழிப் புதிர் ஒன்றைப் பழகிவிட்டுத் தூங்கியவர்களுள் அதையே கனவு கண்ட சிலர், விழித்தபின் மற்றவர்களைவிடத் தேர்ச்சி பெற்றிருந்தனர். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி விழியோட்ட நிலையிலேயே கழிகிறது என்பதும், வளரும் மூளைக்கு இத்தூக்கம் அவசியம் என்ற கருத்துக்கு ஆதரவாக நிற்கிறது.

கனவு காண்கிறவரோடு பேசவும் வழி பிறந்துவிட்டது. ‘இது கனவு’ என்று கனவிலேயே உணர்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். உடம்பு கட்டுண்டு கிடந்தாலும் விழிக்குக் கட்டில்லை அல்லவா? 1975-ல் இங்கிலாந்தில் ஹல் சர்வகலாசாலையில் கீத் ஹேர்ன் என்பவர், இத்தகைய ஒருவர் முன்பே பேசிவைத்தபடி கனவிலிருந்து விழிகளை இடமும் வலமும் திருப்பிச் செய்தி அனுப்பியதைப் பதிவு செய்தார். 2021-ல் வெளியான நான்கு நாட்டு ஆராய்ச்சியில், தூங்குகிறவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டார்கள். அவர் விழியை இரண்டு முறை அசைத்து விடை சொன்னார்!

இவற்றால் குடும்பஸ்தர்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். மூன்று பயன் சொல்வோம்.

முதலாவது, கெட்ட கனவு கண்டவரிடம் பலன் சொல்லாதீர்கள். ‘உனக்கு எதைப்பற்றிக் கவலை?’ என்று கேளுங்கள். பரிகாரத்துக்குச் செலவாகும் பணம் அந்தக் கவலையைத் தீர்ப்பதற்கே உதவக்கூடும்.

இரண்டாவது, ஒரே பயங்கரக் கனவு திரும்பத் திரும்ப வந்து வதைத்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. பகலில் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தக் கனவை எழுதி, அதன் முடிவைத் தமக்கு இஷ்டமானபடி மாற்றி, மாற்றிய கதையைத் தினமும் சிறிது நேரம் மனத்தில் ஒத்திகை பார்க்க வேண்டும். கொடுமைக்கு ஆளான பெண்களிடையே நடத்திய பரிசோதனையில் இம்முறை பெரும் பயன் தந்ததென்று 2001-ல் வெளியாயிற்று. தானே செய்ய முடியாதவர்கள் மனநல வைத்தியரை நாடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளை நள்ளிரவு வரை படிக்க வைத்து, நாலு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதனால் போவது இரண்டு மூன்று மணி நேரத் தூக்கம் மாத்திரம் அன்று. விழியோட்டத் தூக்கத்தின் பெரும்பங்கு அந்த நேரத்தில்தான் இருக்கிறது. ஆத்திசூடி வைகறையில் எழச் சொல்லவில்லையா என்று பெரியவர்கள் கேட்பார்கள். சொல்லுகிறது, ஆனால் அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் தீருமுன் எல்லோரும் படுத்துவிட்டார்கள். நள்ளிரவு வரை மின்சார விளக்கையும் கைபேசியையும் எரிய விட்டுவிட்டு, எழுவதற்கு மட்டும் ஔவையாரைத் துணைக்கு அழைப்பது நியாயமாகாது. பிள்ளை அதிகாலையில் எழ வேண்டுமானால் ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிடுங்கள்.

விடியற்காலைக் கனவு பலிக்குமா என்று நம்மைக் கேட்பவர்களுக்கு இனிமேல் நாம் சொல்லப்போகும் பதில் இதுதான்: கனவு பலிப்பதிருக்கட்டும்; விடியற்காலைத் தூக்கம் நிச்சயமாகப் பலிக்கும். அதைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்காதீர்கள்.